கணக்கு எடுக்கப்படும்

உங்கள் மேசை ஒவ்வொன்றிலும் இரண்டு அகராதி இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வந்தேன். சந்தோஷம். நான் கல்வி இலாகாவின் இந்த மொழிபெயர்ப்புப் பிரிவில் சேர்ந்தபோது எட்டுப் பேருக்கு ஒரே அகராதி. அதையும் எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் மத்தியானத்தில் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் எழுதுவதெல்லாம் சொந்தப் புத்தியில் எழுதுவதுதான். இன்றைக்கு நான் சொல்லப்போகும் வாக்கியமும் அப்படி ஒரு மத்தியானத்தில் பிறந்தது. ஆனால் அகராதி கையில் இருந்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டேன். அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் சரி. வாக்கியம்தான் தப்பு.

சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்து மூன்று வயது, வேலை இன்னும் தற்காலிகம். அப்போது எங்களுக்கு வாய்த்த கல்வி மந்திரி அரசியலுக்குப் புதியவர். முப்பது வருஷம் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்தவர். மந்திரியான பிறகும் ஜிப்பாப் பையில் சாக்பீஸ் துண்டு கிடக்கும். ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் "அடுத்த கணக்கு" என்பார். செயலாளர்கள் எழுந்து நின்று அடுத்த கோப்பை நீட்டுவார்கள்.

அவருக்கு ஒரு தீராத மனக்குறை. சின்னப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைக் கண்டால் அழுகிறார்கள், அழுதுகொண்டே படித்தவர்கள்தான் கல்லூரியில் வந்து தன் முன்னால் விழிக்கிறார்கள் என்பது. அதனால் ஒரு திட்டம் போட்டார். முதல் மூன்று வகுப்புக்குப் புத்தகமே கிடையாது. புளியங்கொட்டை, படி, கயிறு, தராசு இவற்றைக் கையால் தொட்டுக் கணக்குப் படிக்க வேண்டும். நான்காம் வகுப்பில்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். ஆங்கிலத்தில் அவரே உத்தரவு எழுதினார். ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்ப அதைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். "நான்காம் வகுப்பிலிருந்து கணக்கு கற்பிக்கப்படும்." பிறகு பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தேன். ஒரே பக்கத்தில் ஏழு 'கற்பிக்கப்படும்'. எனக்குக் கூசியது. கல்லூரியில் தமிழுக்குப் பரிசு வாங்கியவன் நான். வாத்தியார்கள் 'பாடம் எடுக்கிறேன்' என்றுதானே சொல்கிறார்கள் என்று தோன்றியது. ஏழாவதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:

"நான்காம் வகுப்பிலிருந்து கணக்கு எடுக்கப்படும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அர்த்தம் எனக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் வாக்கியம் எனக்குச் சரியாகவே பட்டது. தலைமை மொழிபெயர்ப்பாளர் எழுந்து உட்கார்ந்து ஆங்கிலத்தைப் படித்தார், பிறகு தமிழைப் படித்தார். அவருக்கும் சரியாகவே பட்டது. மந்திரியிடம் போனது. எழுதியவருக்கே அர்த்தம் தெரியாதா என்ன, அவரும் தலையாட்டிவிட்டு "அடுத்த கணக்கு" என்றார். புளியங்கொட்டை விவரமெல்லாம் பின்னிணைப்பில் இருந்தது. பின்னிணைப்பு அச்சாகி வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் சுற்றறிக்கை மட்டும் முதலில் போனது.

ஊரில் அதை வாங்கிப் படித்தவர்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: முதல் மூன்று வகுப்பில் கணக்குப் புத்தகம் கிடையாது, நான்காம் வகுப்பிலிருந்து கணக்கையே எடுத்துவிடுகிறார்கள்.

பத்து நாளில் மாகாணம் கொதித்தது. கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், பத்திரிகைகளில் மந்திரி சிலேட்டைக் கடித்துத் தின்பது போலப் படம் போட்டார்கள். மந்திரி அதையெல்லாம் பார்த்து, கீழ் வகுப்புகளில் புத்தகம் இல்லாததற்குத்தான் இந்தக் கோபம் என்று நினைத்துக்கொண்டார். "என் முடிவில் நான் உறுதியாக இருக்கிறேன்" என்று அறிக்கை விட்டார். அதைப் படித்து இன்னும் பத்து ஊர்வலம் போனது. இந்தப் பக்கம் எல்லோரும் ஆங்கிலத்தை மட்டும் படித்தவர்கள். அந்தப் பக்கம் எல்லோரும் தமிழை மட்டும் படித்தவர்கள். இரண்டையும் படித்தவர்கள் மாகாணத்திலேயே எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளரும் நானும்தான். அவர் பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். எங்கள் இலாகாவைத் திட்டுவதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் பத்திரிகை படிப்பதையே நிறுத்தியிருந்தேன்.

எனக்கு விஷயத்தைத் தெரிவித்தவர் என் அப்பா. அவர் பெயர் சவரிமுத்து. கொள்ளிடக்கரையில் ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் மாதா கோயில் நடத்தும் ஒரு பங்குப் பள்ளியில் நான்காம் வகுப்பு வாத்தியார். நான்காம் வகுப்பில் அவர் எடுத்ததே கணக்கு ஒன்றுதான். ஒரு நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. நலம், நலமறிய ஆவல், பசு கன்று போட்டிருக்கிறது, மழை இல்லை என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "நீ அந்த ஆபீசில்தான் இருக்கிறாய். 'நான்காம் வகுப்பிலிருந்து கணக்கு எடுக்கப்படும்' என்று உத்தரவு போட்டிருக்கிறார்களே, அதைப் போட்ட அறிவிலி யார் என்று விசாரித்து எழுது."

என் அப்பாவின் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும், கரும்பலகைக் கையெழுத்து. அதில் அந்த வாக்கியத்தைப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக அதைப் படித்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. இதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் விசேஷ அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மந்திரியின் சுற்றுப்பயணங்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். எந்நேரமும் இஸ்திரி கலையாமல் இருப்பார்.

"நீ அரியலூர்ப் பக்கம்தானே?" என்றார்.

"ஆமாங்க சார்."

"அங்கேதான் எதிர்ப்பு ரொம்ப மோசம். மந்திரி நேரிலேயே போய்ப் பேசிவிடலாம் என்கிறார். குறிப்பு எடுக்க நீ கூட வா. ஊர்ப் பேச்சு உனக்குப் புரியும்."

அதுதான் பிரச்சினை. எனக்குத்தான் புரியும்.

விடியற்காலையில் ரயில் அரியலூருக்கு வந்தது. பிளாட்பாரம் முழுக்கக் கறுப்புக் கொடி. உடையார்பாளையம் பக்கத்து மிராசுதார் ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு முன்னால் நின்றார். அடுத்த தேர்தலில் நிற்கும் உத்தேசம் அவருக்கு இருந்தது. அவர் கையைத் தூக்கியதும் கூட்டம் குரல் கொடுத்தது.

"எடுக்காதே, எடுக்காதே. கணக்கை எடுக்காதே."

மந்திரி பெட்டியின் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி சொல்கிறார்கள்? கணக்கு எடுக்கக் கூடாதாமா?"

"அப்படித்தாங்க சொல்றாங்க."

"கணக்கு எடுக்காமல் பள்ளிக்கூடம் எதற்கு?" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம். உடனே கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வகுப்பில் நின்று பழகிய குரல், ஒலிபெருக்கியே தேவையில்லை. "நான் முப்பது வருஷம் கணக்கு எடுத்தவன். இனியும் எடுப்பேன். எடுக்காமல் விடமாட்டேன்."

கூட்டம் போட்ட சத்தத்தில் என்ஜின் ஊதியதுகூடக் கேட்கவில்லை. "முப்பது வருசமா எடுத்தாராம்யா" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். போலீஸார் எங்களைக் காருக்குள் தள்ளினார்கள். விசேஷ அதிகாரியின் அங்கவஸ்திரம் கூட்டத்தோடு போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு குறிப்பு நோட்டைத் திறந்தேன்.

அங்கிருந்து பெரம்பலூர் போனோம். மந்திரி பேசும் கூட்டம் அரியலூரில் மத்தியானம்தான். அதற்கு முன் பெரம்பலூரில் ஒரு பள்ளியைப் பார்வையிட ஏற்பாடு. நான்காம் வகுப்பில் ஓர் ஒல்லியான வாத்தியார் கைகூப்பி நின்றார். சட்டைக் காலர் வரை வேர்த்திருந்தது.

மந்திரி அன்பாகக் கேட்டார். "சுற்றறிக்கை வந்ததா? நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துவிட்டீர்களா?"

"எடுத்துட்டேங்க ஐயா. உத்தரவு வந்த அன்னைக்கே எடுத்துட்டேன்."

"அன்றைக்கே ஆரம்பித்துவிட்டீர்களா? எவ்வளவு எடுத்தீர்கள்?"

"முழுசாவே எடுத்துட்டேங்க."

மந்திரி விசேஷ அதிகாரியைப் பார்த்தார். "முழுப் பாடத்தையுமா? எத்தனை நாளில்?"

"ஒரே நாள்லங்க. பத்து நிமிசம்கூட ஆவல."

மந்திரிக்குக் கண் விரிந்தது. "பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இல்லையா?"

"இல்லைங்க. ரொம்பச் சந்தோசமா இருக்குதுங்க."

மந்திரி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். இப்படி ஓர் ஆசிரியர் தாலுகாவுக்கு ஒருவர் இருந்தால் போதும் என்று என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டேன். அந்த வாத்தியாருக்குப் பின்னால் சுவரில் கால அட்டவணை தொங்கியது. கணக்கு என்று இருந்த கட்டங்களின் மேலெல்லாம் வெள்ளைத் தாள் வெட்டிப் பசை தடவி ஒட்டியிருந்தது. மந்திரி அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். திரும்பி வரும் வழி முழுக்க, இப்போது சொல்லிவிடலாம், அடுத்த மைல்கல்லில் சொல்லிவிடலாம் என்று மைல்கல்லாக எண்ணிக்கொண்டு வந்தேன். மைல்கல் தீர்ந்து அரியலூர் வந்துவிட்டது.

டிராவலர்ஸ் பங்களாவில் மகஜர் கொடுக்க ஒரு குழு காத்திருந்தது. மிராசுதாரும் இன்னும் இருவரும் நாற்காலியில் இருந்தார்கள். நாற்காலியில் உட்காராமல், கையில் குடையோடு, துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தவர் என் அப்பா.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நீயும் வந்திருக்கியா? நல்லதாப் போச்சு. மகஜரை நீயே படிச்சுக் காட்டு. எங்கண்ணாடி பஸ்ஸுல நசுங்கிருச்சு."

நான் படித்தேன். நான்காம் வகுப்பிலிருந்து கணக்கை எடுத்துவிட வேண்டாம் என்று மகா கனம் பொருந்திய மந்திரி அவர்களை வேண்டிக்கொள்கிறோம் என்று தொடங்கியது.

மந்திரி கையைக் காட்டி நிறுத்தினார். "எடுத்துவிட வேண்டாம் என்றால்?"

"எடுத்துட வேணாம்னா எடுத்துட வேணாம்தாங்க" என்றார் அப்பா. "நீக்கிட வேணாம்னு அர்த்தம்."

"யார் நீக்கினார்கள்?"

"நீங்கதாங்க."

"நானா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்தார். நாலாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. கண்ணாடி இல்லாமலே அந்த வாக்கியத்தை ஒப்பித்தார். வெளியே கார் டிரைவர் யாரையோ அதட்டுவது கேட்டது.

விசேஷ அதிகாரிதான் முதலில் சுதாரித்தார். "அச்சுப் பிழை சார். நிச்சயம் அச்சுப் பிழை." என்னைப் பார்த்தார். "அச்சுப் பிழைதானே, தம்பி?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் ஒரு பெரிய மனிதனாக நடந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். அச்சுக் கோத்தவர் பாவம், அவர் தலையில் பழி விழுமே என்று நான் நினைத்தது பின்னால்தான். அந்த விநாடியில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. அச்சுப் பிழை என்று நான் சொன்னால், "எந்த எழுத்து பிழை?" என்று என் அப்பா கேட்பார்.

"அச்சுப் பிழை இல்லைங்க" என்றேன். "எழுதினது நான்."

"நீயா?" என்றார் அப்பா.

"நான்தாம்பா."

அப்பா மேலே விட்டத்தைப் பார்த்தார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "சர்வேசுரா" என்றார். மிராசுதார் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

மந்திரி என்னை அந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இந்தத் தடவை அவர் உதடும் கூடவே அசைந்தது. "அப்படியானால் ஸ்டேஷனில்..." என்று ஆரம்பித்தார். "முப்பது வருஷம் எடுத்தவன் என்று நான்..." வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "பெரம்பலூரில் பத்து நிமிஷத்தில்..." என்று சொல்ல முயன்று மறுபடி விழுந்து சிரித்தார். விசேஷ அதிகாரி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமினார். எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைத்துக்கொண்டது. வேலை போகப்போகிற ஒருவன் அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இதுல சிரிக்க என்னங்க இருக்கு?" என்றார். "எம்மவன் எழுதின எழுத்தால அங்க பெரம்பலூர்ல புள்ளைங்க கணக்கு இல்லாம உக்காந்திருக்குங்க. எத்தனை ஊர்ல இப்படியோ."

மந்திரியின் சிரிப்பு நின்றது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு சீட்டு எழுதி டிரைவரிடம் கொடுத்து, அந்தப் பெரம்பலூர் வாத்தியார் கையில் நேராகக் கொடுக்கச் சொன்னார். ஒட்டிய தாளை இன்றைக்கே பிய்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். தாள் ஒட்டியிருந்ததை நான்தான் சொன்னேன்.

வெளியே மைதானத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பூலாம்பாடியிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். விசேஷ அதிகாரி, தப்பை ஒப்புக்கொள்ள வேண்டாம், சென்னை போய் விளக்கம் வெளியிடலாம் என்றார். மந்திரி கேட்கவில்லை. மேடை ஏறி நடந்ததை அப்படியே சொன்னார். மொழிபெயர்ப்பில் ஒரு தப்பு, கணக்கை நீக்கும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை என்றார்.

ஒருவரும் நம்பவில்லை. பயந்துபோய் மாற்றிப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். மிராசுதாருக்குப் பங்களாவில் நடந்ததெல்லாம் தெரியும். ஆனாலும் மேடையில் ஏறி, "நம்ம போராட்டத்துக்கு மந்திரி பணிஞ்சுட்டாரு, கணக்கை மீட்டுட்டோம்" என்று அறிவித்தார். கை தட்டல் வானத்தைப் பிளந்தது.

மந்திரியின் முகத்தை நான் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது உண்மை, பக்கத்தில் நிற்பவர் சொன்னது பொய். நிரூபிக்க அவர் கையில் ஆங்கில உத்தரவு இருந்தது, சாட்சியாக நான் இருந்தேன். அரை நிமிஷம் அந்தக் காகிதத்தையும் கூட்டத்தையும் பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி" என்றார். "நீங்கள் கேட்டபடியே ஆகட்டும். நான்காம் வகுப்பிலிருந்து கணக்கு உண்டு. அதுவரை புளியங்கொட்டை, படி, தராசு. சம்மதமா?"

சம்மதம் என்று மைதானம் முழங்கியது. ஒரு மாதமாக எந்தத் திட்டத்துக்காக அவரைத் திட்டினார்களோ, அதே திட்டத்துக்காக அவருக்கு மாலை போட்டார்கள். கணக்கைக் கொடுத்த வள்ளல் வாழ்க என்றார்கள். பாதி பேர் காலையில் பிடித்திருந்த கறுப்புக் கொடியாலேயே விசிறிக்கொண்டு நின்றார்கள். வெயில் அப்படி. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்டுவதா, காரியத்தை முடிப்பதா என்ற கேள்வி உங்களுக்கும் இந்த வேலையில் வரும். அன்று அவருக்கு முடிவெடுக்க அரை நிமிஷம் போதுமாயிருந்தது. எனக்கு அந்தப் பக்குவம் வர இருபது வருஷம் ஆனது.

மேடையிலிருந்து இறங்கியதும் அப்பா வழியை மறித்தார்.

"இன்னொண்ணு இருக்குங்க. மூணு வகுப்புக்குப் புத்தகம் வேணாம்னீங்களே, அது எம்மவன் தப்பு இல்லையே?"

"இல்லை. அது என்னுடையது."

"அதுவும் தப்புங்க."

மந்திரி மாலைகளைக் கழற்றி விசேஷ அதிகாரியின் கையில் போட்டார். "உட்காருங்கள் வாத்தியாரே. ஒரு மாதமாக நான் செய்யாத காரியத்துக்குத் திட்டு வாங்கினேன். செய்த காரியத்துக்குத் திட்ட நீங்கள் ஒருவராவது வந்தீர்களே."

இருவரும் மைதானத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். கொட்டையை எண்ணி வளர்ந்த பிள்ளை கொட்டை இல்லாவிட்டால் எண்ணாது என்றார் அப்பா. புத்தகத்தில் எண்ணி வளர்ந்த பிள்ளை கொட்டையைக் கண்டாலும் எண்ணாது என்றார் மந்திரி. அப்பா குடையால் மண்ணில் கணக்குப் போட்டுக் காட்டினார். மந்திரி சாக்பீஸை எடுத்து விசேஷ அதிகாரியின் தோல் பையிலேயே எழுதிக் காட்டினார். ஒருவரும் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. இருவருக்கும் அத்தனை ஆனந்தம்.

பிறகு மந்திரி என்னைப் பார்த்தார். திருத்தத்தை இப்போதே எழுது, சென்னை போய்ச் சேர்ந்ததும் அச்சுக்குப் போக வேண்டும் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இவன் எழுதி நாம மூணு பேரு படிச்சா மூணு பேருக்கும் புரியும்ங்க. நமக்குத்தான் விசயம் தெரியுமே. இன்னைக்குச் சந்தை. தெரியாத ஆளுக்கிட்ட படிச்சுக் காட்டட்டும்." மந்திரி உடனே தலையாட்டினார். நான் முன்னால் நடக்க, அப்பா பரீட்சை மேற்பார்வையாளர் போலக் குடையோடு பின்னால் வந்தார்.

முதலில் ஜவுளிக்கடை ராவுத்தரிடம் படித்தேன். "நான்காம் வகுப்பு முதல் கணக்கு கற்பிக்கப்படும்."

"மாஷா அல்லாஹ், நல்ல காரியம்" என்றார். "மொதல் யாரு போடுறாங்க தம்பி, சர்க்காரா?"

"அடி" என்றார் அப்பா. 'முதல்' என்ற சொல்லை அடித்தேன்.

"நான்காம் வகுப்பிலிருந்து" என்று மாற்றி ஒரு வண்டிக்காரரிடம் படித்தேன். "அப்ப மூணு வருசம் புள்ள அங்க என்ன பண்ணும், சும்மா குந்தியிருக்குமா?" என்று கேட்டார். நியாயம்தான். முதல் மூன்று வகுப்புகளில் செய்முறை வாயிலாக என்று சேர்த்தேன். வெற்றிலைக்கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "வாயாலதானே, அது இப்பவும் வாய்ப்பாட்டை வாயாலதான் சொல்லுதுங்க" என்றார். அப்பா குடையால் தாளைத் தட்டினார். தாளில் எழுத இடம் குறைந்துகொண்டே வந்தது.

ஒன்பதாவதோ பத்தாவதோ ஆள் ஒரு கத்தரிக்காய் விற்கிற அம்மா. எங்கள் ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வண்டியில் வந்தவர். எனக்குக் களைத்துவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு, இப்படி இப்படி விஷயம் என்று வாயாலேயே சொன்னேன். அவர் கத்தரிக்காயைக் கூறு கட்டிக்கொண்டே கேட்டார்.

"மொத மூணு வகுப்புல கையால கணக்கு. நாலுலேர்ந்து பொஸ்தகத்துல கணக்கு. அம்புட்டுதானே? இதுக்கா தம்பி இம்மா நேரம் வெயில்ல அலையிறீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். திருத்தச் சுற்றறிக்கையில் அச்சானது அந்த அம்மா சொன்னதுதான். பேச்சு வழக்கை மட்டும் எழுத்து வழக்காக்கினேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதினேன், மறு வருஷம் வேலை நிரந்தரமானது. திட்டம் அந்த மந்திரி பதவியில் இருந்த வரை இருந்தது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் இந்த ஆபீசில் நான் எழுதிய எதையும், விஷயம் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பியதில்லை. கேண்டீன்காரர், லிஃப்ட்காரர், என் மாமியார், அகப்பட்டவர் யாரையும் விட்டதில்லை.

பேனாவை மூடிக்கொண்டு நாங்கள் கிளம்பப் பார்த்தோம். அந்த அம்மா கூப்பிட்டார்.

"ஏங்க வாத்தியாரே, எம்மவ கையாலதான் கணக்குப் போடுறா. பள்ளிக்கூடம் போனதில்ல. அப்ப அவள நேரா நாலாம் வகுப்புல சேத்துக்குவீங்களா?"

பக்கத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி காலியான கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். சற்று முன்புதான் வேப்பமரத்தடியில், கைக்கணக்கு கணக்கே இல்லை என்று மந்திரியிடம் சாதித்துவிட்டு வந்தவர் அவர். தொண்டையைச் செருமினார். குடையை ஊன்றினார். வகுப்பில் கேட்கும் குரலில் அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"கூறுக்கு எத்தனை காய்?"

"ஏழு."

"எத்தனை கூறு வித்தீங்க?"

"ஒம்பது."

அப்பா தரையில் மிச்சம் இருந்ததைக் கண்ணால் எண்ணினார். நான்கு கூறு, தனியாக ஐந்து காய். "அப்ப வூட்டுலேர்ந்து கெளம்புறப்ப கூடையில மொத்தம் எத்தனை காய் இருந்துச்சு?"

அந்தப் பெண் விரலைக்கூட மடக்கவில்லை. "தொண்ணூத்தெட்டு."

"தப்பு" என்றார் அப்பா. குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. "தொண்ணூத்தாறு."

"தொண்ணூத்தெட்டுங்க" என்றாள் அவள். "ரெண்டு சொத்தை. வழியில தூக்கி எறிஞ்சாச்சு."

அப்பா அந்தக் கத்தரிக்காய்களை மறுபடி ஒரு தடவை எண்ணினார். பிறகு அந்த அம்மாவிடம் மெல்லச் சொன்னார். "திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க. நாலாம் வகுப்புக்கு நான்தான் வாத்தியார். எழுத்தை நான் பாத்துக்கிறேன்."

திரும்பி நடக்கும்போது ஜவுளிக்கடை முனையில் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இத மந்திரிகிட்டச் சொல்லாத" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். சாயங்கால ரயிலில் மந்திரி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் காற்று அடித்தது. மாலையிலிருந்து உதிர்ந்த பூ பெட்டி முழுக்கப் பறந்தது. அவர் என் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். செந்துறை வருவதற்குள் என்னால் தாங்க முடியவில்லை. கூறுக்கு ஏழு, விற்றது ஒன்பது, மிச்சம் நான்கு கூறும் ஐந்து காயும் என்று கணக்கை மட்டும் சொல்லி, வீட்டிலிருந்து கிளம்பும்போது கூடையில் மொத்தம் எத்தனை என்று கேட்டேன்.

முப்பது வருஷம் கணக்கு எடுத்தவர் கண்ணை மூடினார், திறந்தார்.

"தொண்ணூற்றாறு" என்றார்.